தாம்பரம் வட்டாரக் காப்புக்காடுகளும் பட்டா நிலத்து மரங்களும்

தமிழ்நாட்டில் காடுகளை அரசு நிர்வகிக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. அரசு நிலத்துக் காட்டை எல்லை கட்டிக் காப்பது இம்முறையின் ஒரு பகுதி. பட்டா நிலத்தில் மரம் வைத்திருப்பவர்களைக் கட்டுப்படுத்துவதும், பிற்காலத்தில் அவர்களுக்கு உதவுவதும் மறு பகுதி. சென்னையின் தென்புறநகரில் ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம், வண்டலூர் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பகுதியில் இவ்விரண்டின் விளைவுகளையும் அருகருகே காணலாம். இங்கே இன்று எஞ்சியிருக்கும் காடு ஏறக்குறைய முழுவதும் அறிவிக்கப்பட்ட எல்லைக்குள்ளோ ஒரு நிறுவனத்தின் வளாகத்துக்குள்ளோதான் இருக்கிறது. அந்நிலை எப்படி ஏற்பட்டது என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

நிலமும் காடும்

பழைய செங்கற்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம் எனப்படுவது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், நன்மங்கலம் என்று இவ்வட்டாரத்தின் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் ஏரி உண்டு. இவற்றுள் பல ஏரிகளின் மிகுநீர் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. ஏரிகளுக்கு இடையே உள்ள மேட்டு நிலங்களிலும் சிறு பாறைக் குன்றுகளிலும் முள்புதர்க்காடும், சோழமண்டலக் கடற்கரைக்கு உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சங்களும் இருந்தன. களா, காரை, சூரை, ஈச்சம்புதர், வேம்பு, பனை ஆகியவை இங்கு இயல்பாக வளர்பவை.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைப் போல விலையுயர்ந்த தேக்கோ ஈட்டியோ இங்கு இல்லை. ஊராருக்கு இது விறகும் தழையும் எடுக்கும் இடம். ஆடுமாடு மேய்க்கும் இடம். நகரத்துக்கு இது விறகின் ஊற்று. ஆகவே இவ்வட்டாரக் காடுகளைப் பற்றிய வரலாறு பெரும்பாலும் விறகும் மேய்ச்சலும் பற்றிய வரலாறாகவே இருந்தது.

காடு யாருடையது என்ற கேள்வி

1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கற்பட்டுப் பகுதி ஜாகீராகக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது. இங்கே ஊர் நிலங்களின் மீது காணியாட்சி உரிமை, அதாவது மிராசு உரிமை, வேரூன்றியிருந்தது. விளைநிலம் மட்டுமல்லாது தரிசு, காடு, ஏரி ஆகியவற்றிலும் தங்களுக்குப் பங்கு உண்டு என்று மிராசுதாரர்கள் வாதாடினர். தரிசு முழுவதும் அரசுக்கே உரியது என்று கம்பெனி அதிகாரிகள் சிலர் கருதினர். சென்னைக் கலெக்டராக இருந்த எஃப்.டபிள்யூ. எல்லிஸ் மிராசு உரிமை குறித்து எழுதி 1818-இல் வெளியான விளக்கம் இந்த விவாதத்தின் முக்கியமான ஆவணம்.

காட்டுக்கென்று தனி நிர்வாகம் தொடங்கியது மலபாரில். கப்பல் கட்டுவதற்குத் தேக்கு தேவைப்பட்டதால் 1806-இல் கேப்டன் வாட்சன் என்பவர் அங்கே வனக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். தனியார் நிலத்துத் தேக்கின் மீதும் அவர் அரசுரிமை கோரியதால் நில உரிமையாளர்களும் மர வணிகர்களும் எதிர்த்தனர். ஆளுநர் தாமஸ் மன்றோவின் காலத்தில், 1823-இல் அப்பதவி நீக்கப்பட்டது. தனியார் மரத்தின் மீது அரசு எவ்வளவு தூரம் கை வைக்கலாம் என்ற கேள்வி முதன்முதலில் எழுந்தது இங்கேதான்.

இரயில்வே வந்தபின் நிலைமை மாறியது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கி முதல் இரயில் ஓடியது. தண்டவாளக் கட்டைக்கும் எஞ்சினுக்கான விறகுக்கும் காடுகள் வேகமாக வெட்டப்பட்டன. அதே ஆண்டில் மருத்துவரும் தாவரவியலாளருமான ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். மாகாண வனத்துறையின் தொடக்கமாக இதைக் கொள்வர்.

1882-ஆம் ஆண்டுச் சட்டம்

1865-இலும் 1878-இலும் இந்திய அரசு வனச் சட்டங்களை இயற்றியது. சென்னை மாகாணம் அவற்றை ஏற்கத் தயங்கியது. எந்த ஊரின் எல்லைக்கும் உட்படாத, ஊரார் நெடுங்காலமாக அனுபவிக்காத காடு மாகாணத்தில் அரிது என்று வருவாய் வாரியம் 1871-இல் வாதிட்டது. பல ஆண்டு கடிதப் போக்குவரத்துக்கும் வனத்துறைத் தலைமை அதிகாரி டீட்ரிச் பிராண்டிஸின் வருகைக்கும் பின்னரே சென்னை வனச் சட்டம் 1882-இல் நிறைவேறி, 1883 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் அதுவே இன்றும் நடப்பில் உள்ளது. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தின் இடத்தில் தமிழ்நாடு தன் சொந்தச் சட்டத்தைக் கொண்டிருப்பதற்கு இந்தப் பழைய தயக்கமே காரணம்.

ஒரு நிலம் காப்புக்காடாக மாறும் வழியை இச்சட்டம் படிப்படியாக வகுத்தது.

முதலில் 4-ஆம் பிரிவின்கீழ், குறிப்பிட்ட நிலத்தைக் காப்புக்காடாக்க அரசு கருதியுள்ளது என்ற அறிவிப்பு வரும். வன நிலவரித்திட்ட அலுவலர் ஒருவர் நியமிக்கப்படுவார். அந்நிலத்தில் உரிமை உள்ளவர்கள் குறித்த காலத்துக்குள் தங்கள் கோரிக்கையைத் தெரிவிக்க வேண்டும். வழிப்பாதை, நீரோட்டம், மேய்ச்சல், காட்டுப் பொருள் ஆகியவற்றின் மீதான உரிமைகளை அலுவலர் விசாரித்து ஏற்பார், மறுப்பார், அல்லது ஈடு கொடுத்துத் தீர்ப்பார். எல்லாம் முடிந்தபின் 16-ஆம் பிரிவின்கீழ் இறுதி அறிவிப்பு வரும். அன்றிலிருந்து அது காப்புக்காடு. அதனுள் அனுமதியின்றி மரம் வெட்டுவதும் தீ வைப்பதும் மேய்ப்பதும் குற்றம்.

இம்முறையின் பலம் அதன் எல்லைக்கல். காப்புக்காட்டின் எல்லை வரைபடத்திலும் நிலத்திலும் குறிக்கப்படுகிறது. அதை வேறு பயனுக்கு மாற்ற வேண்டுமானால் அரசே தனி நடவடிக்கை எடுக்க வேண்டும். இதன் பலவீனம், எழுதப் படிக்கத் தெரியாத ஊரார் குறித்த காலத்துக்குள் கோரிக்கை கொடுக்காவிட்டால் தலைமுறை தலைமுறையான அனுபவம் ஒரே அறிவிப்பில் மறைந்துவிடும் என்பது. மேய்ச்சல் கட்டணமும் வனக் காவலர்களின் கெடுபிடியும் மாகாணம் முழுவதும் மனக்கசப்பை வளர்த்தன. 1913-இல் அமைந்த வனக் குழு இக்குறைகளை விசாரித்தது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூர் மாவட்டத்தின் பல்நாட்டில் 1921-இல் வன சத்தியாக்கிரகம் நடந்தது. ஊர்த் தேவைக்கான சிறு காடுகளை வனப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கும் முயற்சியும் இக்காலத்தில்தான் நடைபெற்றது.

தென்புறநகரின் காடுகள்

கிண்டி: இது முதலில் தனியார் சொத்து. கில்பர்ட் ரோடரிக்ஸ் என்பவரிடமிருந்து 1821-இல் 35,000 ரூபாய்க்கு அரசு இதை வாங்கியது. 1910-இல் சுமார் 505 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் இதன் பல பகுதிகள் கல்வி நிறுவனங்களுக்கும் நினைவிடங்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. எஞ்சிய சுமார் 270 ஹெக்டேர் 1978-இல் தேசியப் பூங்காவானது. காப்புக்காடு என்ற பெயர் மட்டும் நிலத்தைக் காத்துவிடாது, அரசே அதைப் பிரித்துக் கொடுக்க முடியும் என்பதற்குக் கிண்டி எடுத்துக்காட்டு.

சேலையூர்: ராஜகீழ்ப்பாக்கத்தை அடுத்த சேலையூர்க் காட்டின் ஒரு பகுதியை அரசு சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு அளித்தது. கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு மாறியது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் வளாகத்தில் மரம் நடுவதில் ஈடுபட்டனர். சுமார் 365 ஏக்கர் பரப்புள்ள அவ்வளாகத்தில் பழைய புதர்க்காடும் நட்டு வளர்த்த மரங்களும் இன்றும் சேர்ந்து நிற்கின்றன. அரசின் கையிலிருந்து ஒரு நிறுவனத்தின் கைக்குப் போன காடு, பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததால் பிழைத்தது.

நன்மங்கலம்: தாம்பரம் - வேளச்சேரி சாலையை ஒட்டி, மேடவாக்கத்துக்கு அருகில் சுமார் 320 ஹெக்டேர் பரப்பில் இக்காப்புக்காடு உள்ளது. இதனுள் கைவிடப்பட்ட பழைய கல்குவாரி ஒன்று இருக்கிறது. அதன் பாறை இடுக்குகளில் வாழும் கொம்பன் ஆந்தையால் இக்காடு பறவை ஆர்வலர்களிடையே அறியப்பட்டது. சுற்றிலும் வீட்டுமனைகள் நெருங்கிவிட்ட நிலையில் முள்புதர்க்காட்டின் இயல்பான தோற்றத்தைக் காண இவ்வட்டாரத்தில் எஞ்சியுள்ள இடங்களுள் இது ஒன்று.

வண்டலூர்: 1855 முதல் சென்னை நகருக்குள் இயங்கிய உயிரியல் பூங்காவை இடம் மாற்றுவதற்காக 1979-இல் வண்டலூர்க் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 1985-இல் திறக்கப்பட்டது. பயன் மாறினாலும் நிலம் வனத்துறையின் பொறுப்பிலேயே தொடர்ந்ததால் புதர்க்காட்டின் பெரும் பகுதி தப்பியது.

பள்ளிக்கரணை: வருவாய்க் கணக்கில் புறம்போக்கு என்று கிடந்த சதுப்பு நிலம் குப்பை கொட்டும் இடமாகவும் கட்டுமான நிலமாகவும் சுருங்கியது. 2007-இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. மரமில்லாத நீர்ப்பரப்புக்குக் காட்டுச் சட்டத்தைப் பயன்படுத்தியது இதன் சிறப்பு. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

தனியார் காடுகள் மீதான கட்டுப்பாடு

1882-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் அரசு நிலத்தைப் பற்றியது. ஜமீன்தார்களிடமும் மலபார் ஜென்மிகளிடமும் பரந்த காடுகள் இருந்தன. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலம் கைவிட்டுப் போகுமுன் மரத்தையாவது காசாக்கிவிடலாம் என்ற அவசரத்தில் காடுகள் வெட்டப்படும் ஆபத்து எழுந்தது. அதைத் தடுக்க 1949-இல் சென்னைத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஜமீன் பகுதிகளில் உள்ள காடுகளுக்கும், மலபார், தென் கன்னட மாவட்டங்களில் தொடர்ச்சியாக 100 ஏக்கருக்கு மேற்பட்ட தனியார் காடுகளுக்கும் இது பொருந்தியது. கலெக்டரின் அனுமதியின்றி இக்காடுகளை விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ மரம் வெட்டவோ கூடாது. மலைப்பகுதிகளுக்கெனத் தனியே மரப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று 1955-இல் வந்தது.

இவற்றோடு, வெட்டிய மரத்தைச் சாலையில் கொண்டுசெல்வதற்கு 1968-ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகள் உள்ளன. தேக்கு, ஈட்டி, சந்தனம் போன்ற மரங்கள் சொந்த நிலத்தில் வளர்ந்திருந்தாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். காப்புக்காட்டில் திருடிய மரம் பட்டா நிலத்து மரம் என்ற பெயரில் வெளியேறாமல் தடுப்பதே இவ்விதிகளின் நோக்கம். ஆனால் நேர்மையாக மரம் வளர்த்தவரும் வனச்சரக அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரிடமும் அலைய வேண்டியிருந்தது. இதனால் விதிவிலக்கு பெற்ற மரங்களையே உழவர்கள் விரும்பினர். செங்கற்பட்டுக் கடற்கரையோரத்தில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு மணற்பாங்கான நிலமும் சென்னையின் விறகுத் தேவையும் முதல் காரணங்கள். எளிதாக வெட்டி விற்கலாம் என்பதும் அத்துடன் சேர்ந்துகொண்டது.

கூடலூரிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை

தனியார் காடு எவ்வளவு தூரம் தனியாருடையது என்ற கேள்விக்கு இந்தியா முழுமைக்கும் விடை தந்த வழக்குகள் நீலகிரி மாவட்டத்தின் கூடலூரில் தொடங்கின. அங்கே நிலம்பூர் கோவிலகத்துக்கு உரிய ஜென்ம நிலங்கள் சுமார் 80,000 ஏக்கர் இருந்தன. 1969-இல் தமிழ்நாடு அரசு கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. 1972-இல் உச்ச நீதிமன்றம், காட்டு நிலத்தை அரசு எடுத்துக்கொள்வது வேளாண் சீர்திருத்தம் ஆகாது என்று கூறி அந்த அளவில் சட்டத்தைச் செல்லாததாக்கியது. 1974-இல் நாடாளுமன்றம் 34-ஆவது திருத்தத்தின் மூலம் அச்சட்டத்தை அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. அதை எதிர்த்த வழக்கே ஐ.ஆர். கொயலோ வழக்கு. 2007 சனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டமும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மீறக்கூடாது என்று தீர்ப்பளித்தது.

இதற்கிடையே அதே கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து 1995-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை, காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும்; நிலம் யாருடையது என்பது பொருட்டல்ல என்றது. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் இதன் வழியாகத் தனியார் காடுகளுக்கும் பொருந்தியது. 2023-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி அதன் வரம்பைச் சுருக்கியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இடைக்காலமாகப் பழைய பொருளையே பின்பற்றும்படி ஆணையிட்டது.

இந்த விரிந்த பொருள் காடுகளைக் காத்தது. மறுபுறம், மரம் அடர்ந்துவிட்டால் தன் நிலமே காடு எனப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தை நில உரிமையாளர்களிடம் விதைத்தது.

தடையிலிருந்து உதவிக்கு

மரத்தின் மீதான தனியார் உரிமையை ஏற்கும் மரபும் தமிழகத்தில் உண்டு. புறம்போக்கில் நிற்கும் புளி, பனை, மா போன்ற மரங்களின் பலனை ஒருவர் அனுபவிப்பதற்குத் தரப்படும் 2சி பட்டா, பேச்சு வழக்கில் மரப்பட்டா எனப்படுகிறது. நிலம் அரசுடையது, மரத்தின் பயன் வளர்த்தவருடையது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த உதவித் திட்டங்கள் இதே கருத்தின் விரிவு எனலாம்.

தேசிய வேளாண் ஆணையம் 1976-இல் சமூகக் காடு வளர்ப்பைப் பரிந்துரைத்தது. ஊராரின் விறகுத் தேவை ஊரிலேயே நிறைவேறினால் காப்புக்காட்டின் மீதான சுமை குறையும் என்பது அதன் அடிப்படை. தமிழ்நாட்டில் 1981-இல் சுவீடன் நாட்டு வளர்ச்சி முகமையின் உதவியோடு சமூகக் காடுகள் திட்டம் தொடங்கியது. ஏரி உட்பகுதிகளில் கருவேலம் நடப்பட்டது. வெட்டி விற்ற வருவாயில் ஊராட்சிக்குப் பங்கு கிடைத்தது. தனியார் நிலங்களுக்கும் கன்றுகள் வழங்கப்பட்டன.

சுவீடன் இதற்கு உதவ முன்வந்ததற்குப் பின்னணி உண்டு. அந்நாட்டின் காடுகளில் ஏறத்தாழ பாதி தனிநபர்களுக்குச் சொந்தம். வெட்டியவர் மீண்டும் காட்டை உருவாக்க வேண்டும் என்று 1903-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதை நடைமுறைப்படுத்த அமைந்த மாவட்ட வன வாரியங்கள் காவல் வேலையோடு ஆலோசனையும் வழங்கின. அமெரிக்காவும் 1924-இல் கிளார்க் - மெக்நாரி சட்டத்தின் மூலம் தனியார் காடுகளில் தீத்தடுப்புக்கும் நாற்று வழங்கலுக்கும் நிதி ஒதுக்கியது.

1997-இல் ஜப்பானியக் கடனுதவியுடன் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. காட்டோர ஊர்களில் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. 2007-08 முதல் தனியார் நிலங்களில் மரம் வளர்ப்புத் திட்டம் செயல்பட்டது. வனத்துறையே உழவரின் நிலத்துக்குக் கன்றுகளைக் கொண்டுவந்து கொடுத்தது. தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனம் 2004 முதல் உழவர்களுடன் ஒப்பந்த முறையில் சவுக்கும் தைலமரமும் வளர்த்து வாங்கி வருகிறது. வேளாண்மைத் துறை 2021-22-இல் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தைத் தொடங்கியது. வரப்பு நடவுக்கு ஏக்கருக்கு 50 கன்றுகள், வயலில் நடுவதற்கு ஏக்கருக்கு 160 கன்றுகள் இலவசமாகத் தரப்படுகின்றன. பிழைத்த கன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகள் ஊக்கத்தொகையும் உண்டு.

இவற்றுள் ஆழமான மாற்றம் சந்தனத்தில் நிகழ்ந்தது. சொந்த நிலத்தில் சந்தன மரம் முளைத்தால் திருட்டுப் பயமும் வழக்குப் பயமும் சேர்ந்து வரும் என்பதால் பலர் கன்றிலேயே பிடுங்கி எறிந்தனர். 2008-ஆம் ஆண்டின் பட்டா நிலச் சந்தன மர விதிகள் மரத்தை உரிமையாளரின் சொத்தாக ஏற்றன. வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியே நடந்தாலும், செலவுக்கென 20 விழுக்காடு போக மீதி 80 விழுக்காடு உரிமையாளருக்குச் சேரும். இலவசக் கன்றைவிட, வளர்த்த மரத்தை விற்கும் உரிமையே பெரிய உதவி என்பதை இவ்விதிகள் காட்டின.

இன்றைய நிலை

2021 நவம்பரில் செம்பாக்கம் நகராட்சியோடு ராஜகீழ்ப்பாக்கமும் தாம்பரம் மாநகராட்சியில் இணைந்தது. 2022 செப்டம்பர் 24 அன்று பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வண்டலூரில் தொடங்கி வைக்கப்பட்டது. மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்துவது அதன் இலக்கு. காப்புக்காடுகளுக்குள் மட்டும் நட்டு இவ்விலக்கை எட்ட முடியாது. மீதி பட்டா நிலத்திலிருந்தே வர வேண்டும்.

புறநகரில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பொது இடத்து மரங்களை வெட்டுவதற்கான அனுமதியை மாவட்டப் பசுமைக் குழுக்கள் பரிசீலிக்கின்றன. மேற்கண்ட உதவித் திட்டங்களோ உழவரை நோக்கி எழுதப்பட்டவை. வரப்பும் வயலும் இல்லாத வீட்டுமனை உரிமையாளர் அவற்றின் கணக்கில் வருவதில்லை. மரத்தை வைத்திருப்பதால் அவருக்கு வருமானம் இல்லை. மனையின் விலையோ மரத்தின் விலையைவிடப் பல மடங்கு. பழைய மாந்தோப்பும் புளியந்தோப்பும் மனைப்பிரிவாக மாறும்போது அவற்றுக்காகப் பேச எல்லைக்கல்லும் இல்லை, ஊக்கத்தொகையும் இல்லை.

இவ்வட்டாரத்தின் இருநூறு ஆண்டு அனுபவம் இரண்டு பாடங்களைத் தருகிறது. அரசு நிலத்தில், தெளிவான எல்லையும் அதைக் காக்கும் துறையும் இருந்த இடங்களில் காடு நின்றது. நன்மங்கலமும் வண்டலூரும் இதற்குச் சான்று. தனியார் நிலத்தில், மரத்தின் பயன் உரிமையாளருக்குச் சேர்ந்த வரையில் மரம் நின்றது. சவுக்குத் தோப்பும் மரப்பட்டாவும் இதற்குச் சான்று. நகரத்துத் தனியார் மரத்துக்கு இவ்விரண்டில் எதுவும் இதுவரை முழுமையாகப் பொருந்தவில்லை. 33 விழுக்காடு என்ற இலக்கில் புறநகர்களுக்கும் பங்கு இருக்க வேண்டுமானால், நிழலும் நிலத்தடி நீரும் தரும் மரத்தை வைத்திருப்பவருக்கு அதனால் என்ன பயன் என்ற கேள்விக்கு விடை காண வேண்டியுள்ளது.